26 மைல் மணல்: அமெரிக்கத் தென்கடற்கரையின் உல்லாச நகரங்களும் நிறவெறியும்



நினைவுப் பேருரை என்றால் நிலம், கல்வி, வன்கொடுமை, இலக்கியம் என்று பொருள் எடுத்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். கடற்கரை உல்லாச நகரங்களின் வரலாற்றை இந்த மேடையில் பேச வேண்டிய தேவை என்ன என்று தோழர்கள் கேட்கலாம். கூலிக்கும் மானத்துக்கும் போராடுகிற மக்களுக்கு உல்லாசம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் எந்தச் சமூகத்திலும் யார் உழைக்க வேண்டும் என்று விதித்தவர்கள்தாம் யார் ஓய்வெடுக்கலாம் என்பதையும் விதித்திருக்கிறார்கள். ஓய்வின் வரலாற்றைப் படித்தால் அந்த விதி பச்சையாகவே கண்ணில் படும்.

அமெரிக்காவின் தெற்கே, புளோரிடாவிலிருந்து மிசிசிப்பி வரை, வெயிலும் மணலும் விற்பனைச் சரக்காக மாறிய நீண்ட கடற்கரை இருக்கிறது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வெள்ளைச் செல்வர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நகரங்கள் எழத் தொடங்கின. அந்தக் கடலில் கால் நனைத்ததற்காக 1960இல் கறுப்பின மக்கள் இரும்புச் சங்கிலியால் அடிக்கப்பட்டார்கள். நீச்சல்குளத்தில் இறங்கியதற்காக 1964இல் அவர்கள் இருந்த தண்ணீரில் ஆசிட் ஊற்றப்பட்டது. மகாட் குளத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு இவை தொலைதூரச் செய்திகளாகத் தோன்றாது.

இரண்டு மக்களின் வரலாற்றையும் சேர்த்து வாசிப்பது புதிய வழக்கமல்ல. அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர்கள் அளிக்கும் மனுவைப் பற்றி அதில் கேட்டிருந்தார். டுபோய்ஸ் பதில் எழுதினார். 1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தம்மையும் ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்து பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததையும் பின்னாளில் தம் தேவாலய உரையில் சொன்னார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தத் தொடர்ச்சியில் நின்றுதான் இந்தக் கடற்கரையைப் பார்க்கிறேன்.

1. கட்டியவர்கள்

புளோரிடாவின் கிழக்குக் கடற்கரையை உல்லாசக் கடற்கரையாக மாற்றியவர் என்று ஹென்றி ஃபிளாக்லரைச் சொல்வார்கள். எண்ணெய் வணிகத்தில் பணம் சேர்த்த அவர் தெற்கு நோக்கி ரயில் பாதை போட்டார்; பாதை நெடுகிலும் பெரும் விடுதிகள் கட்டினார். 1888இல் செயின்ட் அகஸ்டினில் ஒன்று, 1894இல் பாம் பீச்சில் ராயல் பாயின்சியானா, 1896இல் ரயில் மயாமியைச் சென்றடைந்தது. வரலாற்று நூல்களில் அவர் பெயர் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் கொசுக்கடிக்கு நடுவே கண்டல் காடுகளை வெட்டியவர்கள், தண்டவாளம் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள் பெயரின்றிப் போனார்கள். அவர்களில் பெரும்பங்கினர் கறுப்பின மக்கள். பஹாமா தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களும் அவர்களில் உண்டு. சிறைக் கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் முறை 1923 வரை புளோரிடாவில் இருந்தது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பு உடலை விலையில்லாமல் வேலை வாங்க அது ஒரு வழி.

மயாமி நகரம் பிறந்த விதத்தைப் பாருங்கள். 1896 ஜூலையில் அதை நகரமாக அறிவிக்க வாக்காளர்கள் கூடினார்கள். வாக்களித்த 368 ஆண்களில் 162 பேர் கறுப்பர்கள், அதாவது ஏறக்குறையப் பாதி. நகரம் உருவாக எண்ணிக்கை தேவைப்பட்டபோது அவர்கள் குடிமக்களாக எண்ணப்பட்டார்கள். உருவான பிறகு ரயில் பாதைக்கு அப்பால் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டார்கள். 'நிறத்தவர் ஊர்' என்று பெயர் பெற்ற அந்தச் சேரிதான் பின்னாளில் ஓவர்டவுன் ஆனது. தேர்தலன்று மட்டும் சேரிக்குள் வரும் கார்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பாம் பீச்சில் ஒரு வண்டி ஓடியது. முன்னால் பிரம்பு நாற்காலி, பின்னால் மிதிவண்டி. நாற்காலியில் வெள்ளை விருந்தினர் அமர்ந்து காற்று வாங்குவார்; பின்னால் விடுதியின் கறுப்புப் பணியாளர் மிதிப்பார். அந்த வண்டிக்கு 'ஆஃப்ரோமொபைல்' என்றே பெயர் வைத்தார்கள். ஆட்டோமொபைல் என்பதில் இயந்திரம் இருக்கும் இடத்தில் கறுப்பு மனிதரை வைத்தார்கள், சொல்லிலும் வண்டியிலும். அப்படி மிதித்தவர்களின் படங்கள் சுற்றுலா அஞ்சலட்டைகளாக அச்சாகி விற்கப்பட்டன. விடுதிகளைக் கட்டியவர்களும் அதில் வேலை செய்தவர்களும் முதலில் அதே தீவில் ஸ்டிக்ஸ் என்ற குடியிருப்பில் வாழ்ந்தார்கள். தீவின் நிலத்துக்கு விலை ஏறியதும் நீரோடைக்கு அக்கரைக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

மயாமி பீச்சில் வேலை செய்யும் கறுப்பர்கள் காவல் துறையிடம் பதிவு செய்து, கைரேகை வைத்து, அடையாள அட்டை வாங்க வேண்டும். பகலில் வேலை, இருட்டிய பிறகு தீவில் நின்றால் விசாரணை. மேடை ஏறிப் பாடிய பெரும் கலைஞர்களுக்கும் இதே நிலைதான். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் சாமி டேவிஸும் பாடி முடித்ததும் தாங்கள் பாடிய விடுதியில் தங்க முடியாமல் ஓவர்டவுனுக்குத் திரும்பினார்கள். பாம் பீச்சில் வேலையாட்களுக்கான அடையாள அட்டை விதி 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடற்கரைகளில் கறுப்பர்களே இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக் குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் ஆயா சீருடையில் வரலாம். மணலைக் கூட்டுபவர் வரலாம். தட்டு ஏந்துபவர் வரலாம். துண்டை விரித்துப் படுக்க வருபவருக்குத்தான் தடை. ஆக, கறுப்பு உடல் அங்கே இருப்பது குற்றமல்ல. ஏவல் இல்லாமல் இருப்பதுதான் குற்றம். நம் ஊர்களில் ஏரி மடையைத் திறந்து ஊர் வயலுக்கெல்லாம் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பல இடங்களில் சேரிக்காரர்தான். கரை உடைந்தால் மண் சுமந்து அடைப்பதும் குளத்தைத் தூர் வாருவதும் அவர் வேலை. அதே ஊரின் பொதுக் கிணற்றில் அவர் வீட்டுப் பெண் குடம் இறக்க முடியாது. தீட்டு என்பது தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பற்றியதென்றால் இந்த இரண்டும் ஒரே ஊரில் எப்படிப் பொருந்தும்? தீட்டு என்பது இடம் தெரிந்து நிற்க வேண்டும் என்கிற கட்டளை. கடற்கரையிலும் அதுதான் நடந்தது.

2. தனியாக ஒரு கரை

ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று கரைகளை உருவாக்கினார்கள். அவற்றுள் பெயர் பெற்றது அமெரிக்கன் பீச். ஜாக்சன்வில் நகரில் 1901இல் கறுப்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாரச் சந்தாவாகச் சில்லறைக் காசு வாங்கி, நோய்க்கும் சாவுக்கும் உதவும் நிறுவனம். அதன் தலைவராக உயர்ந்த ஆபிரகாம் லிங்கன் லூயிஸ், அடிமைமுறை ஒழிந்த 1865இல் பிறந்தவர். 1935இல் அந்த நிறுவனத்தின் ஓய்வூதியப் பிரிவு அமேலியா தீவில் கடலோரமாக 33 ஏக்கர் வாங்கியது. பிறகு அது 200 ஏக்கருக்கும் மேல் விரிந்தது. அவமானப்படாமல் ஓய்வெடுக்க ஓர் இடம் என்பதுதான் அதன் முழக்கம்.

விற்பனை முழக்கம்தான் என்றாலும் அதில் ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளையரின் விளம்பரங்கள் வெயிலையும் நீலக் கடலையும் சொல்லி அழைத்தன. கறுப்பர்களின் விளம்பரம் அவமானம் இல்லை என்பதையே முதல் வசதியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து பேருந்து பிடித்து மக்கள் அங்கே வந்தார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், சமையல்காரர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் வந்தார்கள். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனும் வந்திருக்கிறார்.

மயாமியில் கரை கிடைத்தது போராட்டத்தால். இரண்டாம் உலகப்போரில் கறுப்புச் சிப்பாய்கள் ஜனநாயகத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். 1945 மே 9 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த மறுநாள், ஒரு சிறு குழு வெள்ளையருக்கு மட்டுமான ஹாலோவர் கடற்கரையில் இறங்கியது. வழக்கறிஞர் லாசன் தாமஸ் ஜாமீனுக்கான பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரையில் காத்திருந்தார். காவலர்களுக்கு முன்கூட்டியே செய்தியும் சொல்லியாகிவிட்டது. கைது செய்தால் வழக்கு நீதிமன்றம் போகும். அங்கே எந்தச் சட்டத்தின்படி கைது என்று கேட்கலாம். அதிகாரிகள் இதைப் புரிந்துகொண்டு கைது செய்யவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வர்ஜீனியா கீ என்ற தீவில் 'நிறத்தவர்க்கு மட்டும்' என்று ஒரு கடற்கரையைத் திறந்து விட்டார்கள்.

அது வெற்றியா தோல்வியா? இரண்டும்தான். 1947இல் பாலம் வரும் வரை அங்கே படகில்தான் போக வேண்டும். நீரோட்டம் ஆபத்தானது. ஆனாலும் மக்கள் அதைத் தங்கள் இடமாக்கினார்கள். குடை ராட்டினம், குட்டி ரயில், நடன மேடை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானஸ்நானம் என்று ஒரு தலைமுறையின் மகிழ்ச்சி அங்கேதான் நடந்தது. தனிக்குவளையை வெறுப்பதும், தனிக்குவளையிலும் தாகம் தீரும் என்பதை அறிந்திருப்பதும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வாய்க்கும் அனுபவம். சேரிக்குள் நாம் கொண்டாடிய விழாக்களை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவை ஒதுக்கலுக்குள் நடந்தன என்பதற்காகப் பொய்யாகிவிடாது. அவை நடந்தன என்பதற்காக ஒதுக்கல் நியாயமாகிவிடவும் செய்யாது.

3. இருபத்தாறு மைலும்

இப்போது மேற்கே, மெக்சிகோ வளைகுடாவில் இருக்கும் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி நகருக்கு வருவோம். இந்த உரையின் தலைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பிலாக்ஸியும் அண்டை ஊர்களும் அடங்கிய ஹாரிசன் கவுண்டியின் கரையில் 26 மைல் நீளத்துக்கு வெண்மணல் கிடக்கிறது. அந்த மணல் இயற்கை அங்கே கொண்டு சேர்த்ததல்ல. 1947இல் வீசிய புயல் கரையோரச் சுவரையும் சாலையையும் சிதைத்தது. வாஷிங்டனின் மத்திய அரசு பணம் தந்தது. ராணுவப் பொறியாளர்கள் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி 1951இல் கடற்கரையை உண்டாக்கினார்கள். பணம் தரும்போது, இது என்றென்றும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கே என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பணத்தில் கறுப்பர்கள் செலுத்திய வரியும் அடக்கம். ஆனால் கடலைப் பார்த்த மாளிகைக்காரர்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் மணலும் தங்களுடையது என்றார்கள். கவுண்டி நிர்வாகமும் காவல் துறையும் அதை ஒப்புக்கொண்டன. வெள்ளையர் எவரும் அந்த மணலில் நடக்கலாம். அப்போது அது பொதுச் சொத்து. கறுப்பர் வந்தால் தனியார் சொத்து.

1955இல் அந்த ஊருக்கு மருத்துவராக வந்தார் கில்பர்ட் மேசன். அவருக்கு நீச்சல் பிடிக்கும். 1959 மே 14 அன்று சில நண்பர்களோடும் சிறுவர்களோடும் அவர் கடலில் இறங்கினார். காவலர் வந்து வெளியேறச் சொன்னார். எந்தச் சட்டம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அக்டோபரில் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவிடம் மனுக் கொடுத்தார்கள். அங்கே பேரம் தொடங்கியது. கரையில் ஒரு பகுதியை உங்களுக்கென்று ஒதுக்கினால் போதுமா என்று கேட்டார்கள். 26 மைலும் வேண்டும் என்பது பதிலாக வந்தது.

வர்ஜீனியா கீயில் தனிக்கரையை ஏற்ற வரலாறு 14 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே வேறொரு கட்டத்துக்கு நகர்வதைப் பார்க்கலாம். மேசன் கேட்டது கூடுதல் மணலை அல்ல. ஒரு மைலைத் தனியாக வாங்கிக்கொண்டால் மற்ற 25 மைல் தங்களுடையது அல்ல என்று கையெழுத்திட்டதாகும். இரட்டைக்குவளையை ஏற்கலாமா, தனிச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்பதா, பொதுச் சுடுகாட்டில் இடம் கேட்பதா என்று நம் ஊர்களில் இன்றும் நடக்கும் விவாதம் இதுவே.

1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. மேசன் மீண்டும் கடலில் இறங்கினார். அன்று தனியாகவே சென்றார், கைது செய்யப்பட்டார். செய்தி பரவியது. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 24, ஏறக்குறைய 125 பேர் கடற்கரைக்கு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களை எதிர்பார்த்து ஒரு வெள்ளைக் கும்பல் காத்திருந்தது. இரும்புக் குழாய், சங்கிலி, பில்லியர்ட்ஸ் கோல் ஆகியவற்றோடு பாய்ந்தது. காவலர்கள் நின்று பார்த்தார்கள். அன்றிரவு வன்முறை ஊருக்குள் பரவியது. கறுப்பின இளைஞர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அடிபட்டவர்களில் பலர் அடுத்த வாரம் வேலையையும் இழந்தார்கள். சமையல்காரராகவும் துப்புரவாளராகவும் அவர்கள் வேலை பார்த்தது வெள்ளையர் வீடுகளிலும் கடைகளிலும்தானே. நம் ஊரில் கோயிலுக்குள் நுழைந்த மறுநாள் வயல் வேலை மறுக்கப்படுகிற கதையே அங்கும் நடந்தது.

அந்த நாளுக்கு 'குருதி ஞாயிறு' என்று பெயர் நின்றது. பிலாக்ஸியில் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் கிளை அதற்குப் பிறகுதான் உருவானது. மேசன் அதை 30 ஆண்டுகளுக்கும் மேல் வழிநடத்தினார். மே 17 அன்று வாஷிங்டனின் நீதித் துறை ஹாரிசன் கவுண்டி மீது வழக்குத் தொடர்ந்தது. அன்றைய நிபந்தனை இப்போது ஆயுதமானது: பொதுப்பணத்தில் கொட்டிய மணல் எப்படித் தனியாருடையதாகும்?

வழக்கு நகர்ந்ததோ நத்தையாக. 1963 ஜூன் 12 அன்று மிசிசிப்பியில் இந்தப் போராட்டங்களுக்கெல்லாம் துணை நின்ற மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு நாள் கழித்து, ஜூன் 23 அன்று, மக்கள் மூன்றாம் முறையாகக் கடற்கரைக்கு வந்தார்கள். எவர்ஸின் நினைவாக மணலில் கறுப்புக் கொடிகளை நட்டார்கள். 71 பேர் கைது செய்யப்பட்டார்கள். கடைசியில் 1968 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 26 மைல் கரையும் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பளித்தது. 1959இல் கால் நனைத்தவர்கள் ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள். 1927இல் மகாட் குளத்து நீரை அள்ளிய மக்களுக்கு 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. அது பத்து ஆண்டு.

இதே காலத்தில் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலிலும் போராட்டம் நடந்தது. வெள்ளைக் கல்லூரி மாணவர்களின் விடுமுறைக் கொண்டாட்டத்துக்குப் பேர்போன ஊர் அது. கறுப்பர்களுக்கு 1954இல் ஒதுக்கிய கரைக்குச் சாலை போடுவதாகச் சொன்ன கவுண்டி, ஆண்டுகள் போயும் போடவில்லை. படகு ஒன்றுதான் வழி. 1961 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளன்று, யூலா ஜான்சன் என்ற பெண்ணும் மருத்துவர் வான் மிசெலும் இளைஞர்களை அழைத்துக்கொண்டு நகரின் கடலில் இறங்கினார்கள். வாரா வாரம் இறங்கினார்கள். நகர நிர்வாகம் அவர்களைத் தடுக்க நீதிமன்றம் போனது. 1962 ஜூலையில் நீதிபதி தடை தர மறுத்தார். அன்று படகில் மட்டுமே போக முடிந்த அந்தக் கரை 2016 முதல் அவர்கள் இருவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

4. தண்ணீரும் தீட்டும்

பேருந்திலும் உணவுக் கடையிலும் நடந்த போராட்டங்களை உலகம் அறியும். தண்ணீரில் நடந்தவை ஏனோ பின்னுக்குப் போயின. ஆனால் வெறி மிகக் கொடூரமாக வெளிப்பட்ட இடம் தண்ணீர்தான். இருக்கையைப் பகிர்ந்தால் தள்ளி உட்காரலாம். தண்ணீரில் அது முடியாது. ஓர் உடலைத் தொட்ட நீர் இன்னோர் உடலையும் தொடும்.

1964 ஜூன் 18, செயின்ட் அகஸ்டின். ஃபிளாக்லர் முதல் விடுதி கட்டிய அதே ஊர். மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியின் நீச்சல்குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சில போராளிகள் குதித்தார்கள். விடுதி மேலாளர் குளத்தைக் கழுவப் பயன்படும் அமிலத்தை அவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீரில் ஊற்றினார். ஒரு காவலர் உடையோடு குளத்தில் பாய்ந்து அவர்களைக் கைது செய்தார். படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. மறுநாள் அமெரிக்க செனட் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 2 அன்று அது சட்டமானது.

மகாட்டில் மக்கள் நீரள்ளிய பிறகு சாதி இந்துக்கள் 108 பானை நீரை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, குளத்தில் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கரைத்து மந்திரம் சொல்லித் 'தூய்மை' செய்தார்கள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஒருவர் அமிலம் ஊற்றுகிறார், ஒருவர் சாணம் கரைக்கிறார், இன்னொருவர் மலம் கலக்கிறார். காலமும் கண்டமும் வேறு. நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை; அங்கே அடிமைச் சந்தை இருந்தது, இங்கே சாத்திரம் இருந்தது, இரண்டின் கட்டுமானமும் வேறு. ஆனால் சமமாக வாழ வந்தவரைத் தண்ணீரைக் கெடுத்தாவது விரட்டுவேன் என்கிற மனம் ஒன்றுதான்.

சட்டம் வந்த பிறகு இந்த மனம் என்ன செய்தது என்பதற்கும் சான்று உண்டு. மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சன், கறுப்பர்களோடு நீந்துவதைவிட யாரும் நீந்தாமல் இருப்பதே மேல் என்று தன் பொது நீச்சல்குளங்களை மூடியது. மூடியது எல்லோருக்கும்தானே, இதில் பாகுபாடு எங்கே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றுக்கொண்டது. பொதுவை எல்லோருக்கும் திறப்பதைவிடப் பொதுவையே அழிப்பது நல்லது என்று ஆதிக்கம் நினைக்கும். எல்லாச் சாதிக்கும் வழிபாட்டு உரிமை என்றதும் கோயிலுக்கே பூட்டுப் போட்ட ஊர்களை நாம் அறிவோம்.

5. உரிமை வந்தது, நிலம் போனது

இந்த வரலாறு இங்கே முடிந்திருந்தால் வெற்றிக் கதை. முடியவில்லை.

1964 ஜூலையில் சட்டம் வந்தது. செப்டம்பரில் டோரா புயல் அமெரிக்கன் பீச்சின் வீடுகளைப் பெயர்த்தது. எங்கும் போகலாம் என்ற உரிமை வந்ததும் மக்கள் மற்ற கரைகளுக்குப் போனார்கள், அது இயல்பு. ஆள் வரத்துக் குறைந்த இடத்தைச் சுற்றி வெள்ளை முதலாளிகளின் உல்லாசக் குடியிருப்புகள் வளர்ந்தன. லூயிஸின் கொள்ளுப்பேத்தி மாவைனி பெட்ச் ஐரோப்பாவில் இசை நாடகப் பாடகியாக இருந்தவர். ஊர் திரும்பி, தன் சொத்தையெல்லாம் சுற்றுச்சூழல் பணிக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் கடற்கரையிலேயே வாழ்ந்தார். அந்தக் கரையின் 60 அடி மணல்மேட்டைக் கட்டுமானக்காரர்களிடமிருந்து காப்பதற்கே வாழ்நாளைச் செலவிட்டார். 2004இல் மேடு தேசியப் பூங்காவின் பொறுப்புக்கு வந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார்.

வர்ஜீனியா கீ கடற்கரையை மயாமி நகரம் 1982இல் பராமரிக்கச் செலவாகிறது என்று மூடியது. அதை விற்கும் திட்டங்களை எதிர்த்து மக்கள் போராடியதால் 2008இல் மீண்டும் திறந்தது.

வடக்கே தெற்கு கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் நடந்ததுதான் பெரிய இழப்பு. உள்நாட்டுப் போரின்போதே, 1862இல், விடுதலை பெற்ற அடிமைகள் மிட்செல்வில் என்ற தன்னாட்சி ஊரை அமைத்த தீவு அது. குல்லா என்ற மொழியும் பண்பாடும் அங்கே வேர் பிடித்தன. அந்தத் தீவு ஒதுக்குப்புறமாக இருந்தவரை நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1956இல் பாலம் வந்தது. பாலத்தின் வழியே கோல்ஃப் மைதானங்களும் காவல் போட்ட குடியிருப்புகளும் வந்தன. நில மதிப்பு ஏறியது, வரி ஏறியது. தாத்தா பெயரிலிருந்து பட்டா மாறாமல் எல்லா வாரிசுகளும் அனுபவித்த கூட்டுச் சொத்து அது. எங்கோ நகரத்தில் இருக்கும் ஒரு வாரிசின் பங்கை வெளியாள் வாங்குவார். பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடுவார். நீதிமன்றம் மொத்த நிலத்தையும் ஏலம் விடும். துப்பாக்கியோ தீயோ தேவைப்படவில்லை. இன்று அந்த உல்லாசக் குடியிருப்புகள் பலவற்றின் பெயரில் 'பிளாண்டேஷன்' என்ற சொல் இருக்கிறது. அடிமைகள் உழைத்த தோட்டத்துக்கான சொல் அது. அதற்குள் அகப்பட்டுக்கொண்ட மூதாதையர் கல்லறைக்குப் போக, வாரிசுகள் காவலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

மேற்குக் கடற்கரையான கலிஃபோர்னியாவிலிருந்தும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன், அது நிலம் திரும்பி வந்த அரிய சான்று என்பதால். மன்ஹாட்டன் பீச்சில் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் 1912இல் நிலம் வாங்கிக் கணவரோடு ஒரு கடற்கரை விடுதி நடத்தினார். 1924இல் நகர நிர்வாகம் பூங்கா அமைக்கப்போவதாகச் சொல்லி அதைக் கையகப்படுத்தியது. பூங்கா பல பத்தாண்டுகள் வரவில்லை. 2022இல் நிலம் கொள்ளுப்பேரன்களிடம் திருப்பித் தரப்பட்டது. மறு ஆண்டு அவர்கள் அதை 2 கோடி டாலருக்குக் கவுண்டியிடமே விற்றார்கள். பறித்தது என்ன மதிப்புடையது என்பது அப்போதுதான் எண்ணில் தெரிந்தது.

6. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலையும் குளமும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. பஞ்சமி நிலம் 1892இலேயே நமக்கென ஒதுக்கப்பட்டது; வேறு ஆட்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது. ஒன்று பொதுவில் புழங்கும் உரிமை, இன்னொன்று நம் கையில் இருக்கும் மண். இரண்டும் காகிதத்தில் இருந்தும் இரண்டுக்காகவும் நாம் இன்றும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்கத் தென்கடற்கரையின் வரலாறு இந்த இரண்டையும் பிரிக்கக் கூடாது என்கிறது. பொதுக்கரைக்கான உரிமையை வென்றவர்கள் தாங்கள் கட்டிய கரைகளை இழந்தார்கள். சட்டம் கதவைத் திறந்தபோது சந்தை மண்ணை எடுத்துக்கொண்டது. இனி கடற்கரையில் பொன்முட்டை இடும் திட்டங்கள் எங்கே வந்தாலும், சாலையும் விடுதியும் பூங்காவும் வந்தாலும், இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கப் பழக வேண்டும். அங்கே நாம் வேலையாட்களாக மட்டும்தான் நுழைய முடியுமா? அதற்கு முன் அந்த மண் யாருடையதாக இருந்தது?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. ஓய்வைக் கேட்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மருத்துவர் கடலில் நீந்த ஆசைப்பட்டார். ஒரு மாநிலமே அவரை எதிர்த்து நின்றது. அவ்வளவு சிறிய ஆசைக்கு அவ்வளவு பெரிய எதிர்ப்பு இருந்ததென்றால் அந்த ஆசை சிறியதாக இருந்திருக்க முடியாது. மகாட்டில் அண்ணல் சொன்னதும் அதுவே: அந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் நாம் சாகப்போவதில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவவே குளத்துக்குப் போகிறோம்.

ஒரு மைல் தருகிறோம் என்று யார் சொன்னாலும், நாம் கேட்பது 26 மைல்.

ஜெய்பீம்.